காதடைப்பான் வந்த கதை

ஐரோப்பாவில் பீரங்கி முழங்கத் தொடங்கியது 14-ஆம் நூற்றாண்டில். காதில் வைத்துக்கொள்ள ஒழுங்கான ஒரு பொருள் கடைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடையில் ஏறக்குறைய 600 ஆண்டுகள். அத்தனை காலமும் வெடிமருந்தோடு வாழ்ந்த மனிதன் மார்புக்குக் கவசம் செய்தான், தலைக்குக் கவசம் செய்தான், கைக்கு உறையும் காலுக்குப் பூட்ஸும் செய்தான். காதுக்கு மட்டும் அவனிடம் இருந்தது இரண்டு விரல்கள்தான். துப்பாக்கி பிடித்தவனுக்கு அந்த விரல்களுக்கும் வேறு வேலை இருந்தது.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் மாணவப் பருவத்தில் குப்புறப் படுத்து 'பாயின்ட் 22' ரைஃபிளால் நாலைந்து தோட்டாக்கள் சுட்டிருப்பீர்கள். இன்று நம் பேரப்பிள்ளைகளில் சிலர் துப்பாக்கி சுடுதலை முறையான விளையாட்டாகவே பயில்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளிலும், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டுகளைச் சுடும் 'டிராப்' போட்டியிலும் ஒலிம்பிக் வரை போய்வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பொருளுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதைச் சொன்னால், எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

செவிட்டுத்தனம் ஒரு பதக்கமாக இருந்த காலம்

வெடிச்சத்தம் காதைக் கெடுக்கும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கள அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1782-ல் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் நடந்த கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி ரோட்னியின் 'ஃபார்மிடபிள்' கப்பல் பக்கவாட்டுப் பீரங்கிகளை 80 முறை முழக்கியது. அதன் பிறகு ரோட்னிக்கு 14 நாட்கள் காது கேட்கவில்லை என்று மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். தளபதிக்கே அந்த நிலை என்றால், பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று மருந்து கிடித்தவர்களின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

தெரிந்தும் ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை? முதல் காரணம், அது தொழிலோடு வந்த முத்திரை. தச்சனுக்குக் கையில் காய்ப்பு, பீரங்கிக்காரனுக்குக் காதில் இரைச்சல். காதைப் பொத்திக்கொள்பவன் பயந்தவன் என்ற பேச்சும் இருந்தது. இரண்டாவது காரணம் நியாயமானது: காதை அடைத்துக்கொண்டால் கட்டளை கேட்காது, போர்க்களத்தில் கட்டளை கேட்காவிட்டால் உயிரே போய்விடும். மூன்றாவது காரணம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அப்போது கையில் கிடைத்த பஞ்சு, துணி, மெழுகு எதுவும் காதில் ஒழுங்காக உட்காரவில்லை. பஞ்சு சத்தத்தைத் தடுக்கவில்லை, மெழுகு வலித்தது அல்லது உதிர்ந்தது. வலிக்கிற பொருளை மனிதன் பத்து நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிடுவான்.

இதற்குள் துப்பாக்கியின் குரலும் மாறிவிட்டது. 1884-ல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கரிமருந்து 'தொம்' என்று அதிர்ந்தால், புதிய மருந்து 'பட்டீர்' என்று அறைந்தது. குழலுக்குள் அழுத்தம் கூடியது, குண்டு ஒலியை விட மிக வேகமாகப் பறந்தது, கூர்மையான வெடிப்பும் கூடவே வந்தது. காதுக்குச் சோதனைக் காலம் அங்கிருந்துதான் தீவிரமானது.

காது கெடுவதை முதன்முதலில் எண்ணிக்கை வைத்துக் காட்டியவர்களில் ஒருவர் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார். அவர் பார்த்தது துப்பாக்கிக்காரர்களை அல்ல, பாய்லர் தொழிலாளர்களை. 1886-ல் அவர் பாய்லர் செய்பவர்கள் 100 பேர், இரும்பு வார்ப்பவர்கள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர் என்று எடுத்துக்கொண்டு பாக்கெட் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று சோதித்தார். பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூட இயல்பான கேட்கும் திறன் இருக்கவில்லை. தபால்காரர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். நம் ஊர்ப் பணிமனைகளில் ரிவிட் அடித்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் வீட்டுத் திண்ணையிலும் உரக்கப் பேசுவார்களே, அதன் காரணம் 140 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

மருந்துக்கடைக்காரரின் மெழுகு

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் ஒரு கட்டம் உண்டு. பாடி மயக்கிக் கொல்லும் சைரன்களின் தீவைக் கடக்கும்போது, ஒடிசியஸ் தன் மாலுமிகளின் காதுகளில் தேன்மெழுகை அடைத்துவிடுகிறான். இந்தக் கட்டம் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளுநரின் மனத்தில் தங்கிவிட்டது. மோட்டார் வண்டியும் தொழிற்சாலையும் பெருகி, நகரத்து இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று மக்கள் புலம்பிய காலம் அது.

ஆனால் காவியத்தில் நடந்தது காதில் நடக்கவில்லை. வெறும் தேன்மெழுகு காதுக்குள் சரியாக நிற்கவில்லை. நெக்வர் மெழுகையும் வாஸ்லினையும் பஞ்சையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். கையில் உருட்டினால் இளகி, காதின் வாயில் அப்பிக்கொள்ளும் ஒரு பதம் கிடைத்தது. 1907-ல் 'ஓரோபாக்ஸ்' பிறந்தது. 'ஓர்' என்றால் ஜெர்மன் மொழியில் காது, 'பாக்ஸ்' என்றால் லத்தீனில் அமைதி. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவும் இதை நாடியவர்தான்.

தூக்கத்துக்காகச் செய்த இந்த மெழுகு உருண்டை, 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் சிப்பாய்களின் பையில் ஏறியது. எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் படையினர் மல்லக்-ஆம்ஸ்ட்ராங் என்ற செருகியைப் பயன்படுத்தினார்கள். அதன் நோக்கம் பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுப்பது. கட்டளை கேட்க வேண்டும், காதும் பிழைக்க வேண்டும் என்ற பழைய சிக்கலுக்கு விடை தேடும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 'வி-51ஆர்' என்ற மென்மையான செருகி உருவானது. சிறு காளான் போல ஒரு விளிம்பு வைத்தது. இதில் ஒரு புதிய பாடம் கிடைத்தது: காதுத் துளைகள் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அதனால் இது பல அளவுகளில் செய்யப்பட்டது. ஒரே ஆளுக்கு வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறு அளவும் தேவைப்படுவது உண்டு. செருப்புக்கு அளவு பார்க்கும் நாம் காதுக்கும் பார்க்க வேண்டும் என்ற யோசனை அங்கே வேர்விட்டது.

அந்தப் போர் முடிந்து கேட்கும் திறன் குன்றித் திரும்பிய வீரர்கள் ஏராளம். அவர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் ரேமண்ட் கார்ஹார்ட் போன்றவர்கள் செய்த பணியிலிருந்துதான் 'ஆடியாலஜி' என்ற இன்றைய துறை வளர்ந்தது. 1948-ல் அமெரிக்க விமானப்படை இரைச்சலிலிருந்து காதைக் காப்பதற்கு எழுத்து மூலமான விதிமுறை கொண்டுவந்தது. ஜெட் விமானங்கள் வந்த 1950-களில் இரு காதுகளையும் மூடும் கிண்ணம் போன்ற 'இயர் மஃப்' பரவியது. விமானத் தளத்திலிருந்து அது தொழிற்சாலைக்கும் துப்பாக்கி சுடும் களத்துக்கும் வந்து சேர்ந்தது.

மஞ்சள் நுரை

அடுத்த திருப்பம் 1967-ல். அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் ராஸ் கார்ட்னர் என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் அதிர்வை உறிஞ்சும் பிளாஸ்டிக் நுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று அமுக்கினால் சுருங்கி, விட்டால் உடனே விரியாமல், சோம்பல் முறிப்பது போல மெதுவாக விரிந்தது. அதையே உருளையாக வெட்டிக் காதில் வைத்தார்கள். 1972 வாக்கில் அது 'ஈ-ஏ-ஆர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று மருந்துக்கடையிலும் விமானப் பயணத்திலும் பார்க்கும் மஞ்சள் நுரைச் செருகிகளின் மூதாதை அதுதான். தனித்தனி அளவு பார்க்க வேண்டிய தொல்லையை அது பெருமளவு குறைத்தது, ஏனென்றால் நுரை தானே விரிந்து காதின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

1979-ல் அமெரிக்காவில் ஒவ்வொரு காதடைப்பான் உறையிலும் அது எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. இந்த எண்ணை 'என்.ஆர்.ஆர்.' என்பார்கள். நல்ல நுரைச் செருகிக்கு 30-ஐ ஒட்டியும், இயர் மஃப்களுக்கு 20-க்கு மேல் 30 வரையும் இருக்கும்.

இந்த எண் ஆய்வுக்கூடத்தில், தேர்ந்த கைகளால் ஒழுங்காகப் பொருத்திப் பார்த்த எண். நடைமுறையில் அது கிடைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் தன் 1998-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கழிவுக் கணக்கு சொன்னது: இயர் மஃப் என்றால் அச்சிட்ட எண்ணில் கால்பங்கைக் கழியுங்கள், நுரைச் செருகி என்றால் பாதியைக் கழியுங்கள், மற்றச் செருகிகள் என்றால் 70 சதவீதத்தைக் கழியுங்கள். பொருளில் குறையில்லை. மனிதர்கள் அதை அரைகுறையாகச் செருகுகிறார்கள், உறுத்துகிறது என்று இளக்கிக்கொள்கிறார்கள், நடுவில் கழற்றுகிறார்கள்.

இதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2003 முதல் 2015 வரை அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்ட இருமுனைச் செருகி ஒன்று குட்டையாக இருந்ததால் காதில் சரியாக இறங்காமல், அணிந்தவருக்கே தெரியாமல் இளகிவிட்டது என்று லட்சக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தார்கள். விற்ற 3எம் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2023-ல் சுமார் 600 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொள்ள இசைந்தது. காதில் ஒரு பொருள் நன்றாக உட்கார்ந்ததா இல்லையா என்ற சின்னக் கேள்வி அத்தனை பெரிய தொகையில் போய் நின்றது.

காதுக்குள் என்ன நடக்கிறது

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற 'காக்ளியா'வுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது நெற்பயிர் காற்றில் அசைவது போல அவை அசைந்து நரம்புக்குச் செய்தி சொல்கின்றன. புயல் அடித்தால் பயிர் சாயும். வயலில் அடுத்த போகம் உண்டு, காதில் கிடையாது. பறவைகளுக்கு அந்தச் செல்கள் மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை.

பேரொலி கேட்டால் இறுகித் தடுக்கும் ஒரு குட்டித் தசை நடுக்காதில் உண்டு. அது இறுகுவதற்குள் துப்பாக்கி ஒலி வந்து போய்விடும். வேட்டின் உச்சம் ஓரிரு மில்லி செகண்டில் முடிகிறது, தசை விழித்துக்கொள்ளப் பல மில்லி செகண்டுகள் தேவை. 'பாயின்ட் 22' ரைஃபிளின் ஒலி ஏறத்தாழ 140 டெசிபலைத் தொடும். டிராப் போட்டியின் 12 போர் துப்பாக்கி 150-ஐத் தாண்டும். பெரிய ரைஃபிள்களும் கைத்துப்பாக்கிகளும் 160, 170 வரை போகும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் ஆற்றல் பத்து மடங்கு பெருகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டுமானால், நம் நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த உச்சம் 4 மீட்டர் தொலைவில் 145 டெசிபல். பட்டாசைக் கொளுத்திவிட்டு ஓடுகிறோம். துப்பாக்கியையோ கன்னத்தில் அணைத்துக்கொண்டு சுடுகிறோம்.

முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியவை. அதனால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பேச்சு கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியாது. உயிரெழுத்து பலமாக ஒலிக்கும், மெய்யெழுத்து மெலிதாகத் தேயும். 'கால்' என்றால் 'பால்' என்று கேட்கும், 'சட்டி' 'தட்டி' ஆகும். நம் வயதினர் பலருக்கு இந்த அனுபவம் தனியே விளக்க வேண்டாம். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் முதலில் கெடும், ஏனென்றால் குழல் முனைக்கு நெருக்கமாக இருப்பது அது. வலது காது தலையின் நிழலில் ஓரளவு தப்பிக்கும்.

எதை வாங்குவது

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் பேத்தி ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, "சார், உள்ளதில் அதிக எண் போட்டதையே வாங்கிவிடவா?" என்று கேட்டார். "எண்ணைப் பிறகு பாருங்கள். முதலில் பாப்பாவின் தலையில் மாட்டி அரை மணி நேரம் வீட்டில் உட்கார வையுங்கள்" என்றேன். மேலே சொன்ன கதை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் வருகிறது.

இயர் மஃப் என்றால் தலையை அழுத்தும் வளைவு இறுக்கமாக இருக்க வேண்டும், நோகக்கூடாது. காது மடல் முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும், மடலின் மேல் அமர்ந்தால் கால் மணியில் வலிக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு சேர்த்தே மாட்டிப் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு இடையில் சந்து விட்டால் சில டெசிபல்கள் அந்த வழியே உள்ளே வந்துவிடும். காம்பு மெல்லியதாக இருந்தால் நல்லது. ரைஃபிள் சுடுபவருக்குத் தட்டையான கிண்ணம் தேவை. பருத்த கிண்ணம் துப்பாக்கிக் கட்டையில் இடித்து, கன்னம் வைக்கும் நேரத்தில் தூக்கிக்கொள்ளும், சரியாகச் சுடும் நொடியில் காது திறந்துவிடும். நம் ஊர் வெயிலில் மெத்தைக்குள் வேர்க்கும். வேர்வையை உறிஞ்சும் துணி உறை கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். மெத்தை விறைத்தாலோ வெடித்தாலோ மாற்றிவிட வேண்டும்.

நுரைச் செருகி விலை மலிவு, வெயிலுக்கும் ஏற்றது, கண்ணாடிக்கும் கட்டைக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் வைக்கத் தெரிய வேண்டும். சுத்தமான விரலால் மெல்லிய திரியாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக வைத்தால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். எதிரில் நிற்பவருக்குப் பாதிச் செருகி வெளியே தெரிகிறது என்றால் அது காதில் இல்லை, காதின் வாசலில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கும் சிறிய காதுத் துளை உள்ள பெண்களுக்கும் சிறிய அளவு தனியாக உண்டு.

கூரையிட்ட களத்தில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பெரிய துப்பாக்கியும் அப்படித்தான். இங்கெல்லாம் செருகியும் வைத்து மேலே மஃப்பும் மாட்டுவது நல்லது. 30-ம் 25-ம் சேர்ந்து 55 ஆகிவிடாது, இரண்டில் பெரியதோடு ஏறத்தாழ 5 டெசிபல் கூடும். அந்த ஐந்தும் வீணல்ல. ஏர் ரைஃபிளின் சத்தம் இவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. அங்கே காதடைப்பான் காதைக் காப்பதோடு மனத்தை ஒருமுகப்படுத்தவும் உதவும்.

இப்போது மின்னணு மஃப்களும் வந்துவிட்டன. வெளியே இருக்கும் ஒலிவாங்கி பயிற்சியாளரின் பேச்சை உள்ளே அனுப்பும், சத்தம் 82, 85 டெசிபலைத் தாண்டினால் அடுத்த கணம் அதை நிறுத்திவிடும். பீரங்கிக்காரன் காலத்துச் சிக்கலுக்குக் கிடைத்த பதில் இது: கட்டளை கேட்கிறது, வெடி கேட்கவில்லை. கேள்விக்குறையைக் காரணம் காட்டிக் காதடைப்பானை ஒதுக்கும் வயதானவர்களுக்கும் இது பொருந்தும். போட்டிகளில் இந்த வகைக்கு அனுமதி இல்லாமலும் இருக்கலாம், விதிப்புத்தகத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இளைஞர்களிடம் காதுநலம் பற்றிப் பேசினால் கேட்க மாட்டார்கள். அவர்களிடம் வேறு விதமாகச் சொல்லலாம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண் இமைத்துவிடும், தோள் துள்ளிவிடும், குறி நழுவிவிடும். காது அமைதியாக இருந்தால் கை அமைதியாக இருக்கும், மதிப்பெண்ணும் ஏறும். இது எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு "காதில் ஏதாவது இரைகிறதா?" என்றும் கேளுங்கள். இரைகிறது என்றால் அன்று போட்டது சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். மறுநாள் இரைச்சல் நின்றுவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், வேறு அளவோ வேறு வகையோ மாற்றிப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு ஜோடி நுரைச் செருகியின் விலை ஒன்றிரண்டு தேநீர்க் காசு. பின்னாளில் வாங்க வேண்டிவரும் காது கேட்கும் கருவியின் விலை பல்லாயிரம். அந்தக் கருவியும் சத்தத்தைத்தான் கூட்டித் தரும், சாய்ந்த பயிரை நிமிர்த்தித் தராது.